சாமியாருக்கு வீடு எங்கே? காலேஜுக்குள் வாழும் சேசு சபைத் துறவிகள் பற்றி

அட்மிஷன் நேரத்தில் பாளையங்கோட்டைக்கு ஒரு தனி முகம் வந்துவிடும். சர்டிபிகேட் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாக்கள் ஒரு காலேஜிலிருந்து இன்னொரு காலேஜுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். அப்படி ஆலங்குளம் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த அண்ணாச்சி ஒருவர், டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். செயின்ட் சேவியர்ஸ் காலேஜுக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"தம்பி, உள்ள வெள்ளை அங்கி போட்ட சாமியார் ஒருத்தரப் பாத்தேன். நல்லாப் பேசுனாரு. அவருக்கு வீடு எங்கன இருக்கு? புள்ளகுட்டி எல்லாம் எந்த ஊர்ல இருக்காவ?"

"காலேஜுக்குள்ளதான் அண்ணாச்சி வீடு. புள்ளகுட்டி கிடையாது."

"அப்ப வாங்குத சம்பளத்த யாருக்குக் குடுக்காரு?"

நல்ல கேள்வி. நான் அந்தக் காலேஜில் படித்தவன், கிறிஸ்தவன் இல்லை. படித்த மூன்று வருடமும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஃபாதர்கள் மரத்தடியில் நடப்பார்கள், வகுப்புக்கு வருவார்கள், சாயங்காலம் ஒரு கட்டடத்துக்குள் போய்விடுவார்கள். அந்தக் கட்டடத்துக்குள் என்ன வாழ்க்கை நடக்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். டீ ஆறுவதற்குள் அண்ணாச்சியிடம் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐயர், பங்குச் சாமி, சபைச் சாமி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அண்ணாச்சி புள்ளகுட்டியைக் கேட்டதில் தப்பே இல்லை. நெல்லைச் சீமையில் சி.எஸ்.ஐ. சபைகள் நிறைய. அவர்களுடைய குருவானவரை ஊரில் ‘ஐயர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் குடும்பஸ்தர். மனைவி, பிள்ளைகளோடு கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பார். பாளையில் செயின்ட் ஜான்ஸ், சாரா டக்கர் ஆகிய காலேஜ்கள் அந்த மரபில் வந்தவை. கத்தோலிக்கர்களை நம் பக்கத்தில் ஆர்.சி. என்போம். அவர்களுடைய குருவைச் ‘சாமி’ என்றும் ‘ஃபாதர்’ என்றும் அழைப்பார்கள். அவருக்குக் கல்யாணம் கிடையாது.

ஆர்.சி. சாமியார்களுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் பூசை வைக்கும் பங்குச் சாமி பெரும்பாலும் மறைமாவட்டக் குரு. அவருக்கு மேலதிகாரி ஆயர், அதாவது பிஷப். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிதான் மறைமாவட்டம். பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இல் உருவானது. மறைமாவட்டக் குரு கல்யாணம் செய்துகொள்வதில்லை என்றும், ஆயருக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்றும் வாக்குக் கொடுக்கிறார். ஆனால் சொந்தமாகப் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, அவருக்கு இல்லை. அப்பா எழுதி வைத்த வயலை அவர் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, துறவற சபைச் சாமியார். இவர் ஒரு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவராக இல்லாமல், உலகம் முழுக்கப் பரவிய ஒரு சபையைச் சேர்ந்தவராக இருப்பார். அப்படிப்பட்ட சபைகளில் ஒன்றுதான் சேசு சபை. பெயருக்குப் பின்னால் ‘சே.ச.’ என்றோ ‘எஸ்.ஜே.’ என்றோ போட்டிருந்தால் அவர் சேசு சபைக்காரர். ‘சேசு’ என்பது நம் ஆர்.சி. மக்கள் வாயில் தலைமுறை தலைமுறையாக வந்த உச்சரிப்பு. இப்போது ‘இயேசு சபை’ என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பழைய சொல்தான் பிடித்திருக்கிறது, அதில் கடற்கரைக் காற்று இருக்கிறது.

சேவியர்ஸ் காலேஜ் ஆயருடைய காலேஜ் இல்லை, சேசு சபையின் மதுரை மறைமாநிலம் நடத்துவது. மறைமாநிலம் என்பது சபையின் நிர்வாகப் பிரிவு. திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், சென்னை லயோலா, கருமாத்தூர் அருள் ஆனந்தர் ஆகியவையும் சேசு சபை தொடங்கிய காலேஜ்களே. மற்ற கத்தோலிக்கக் காலேஜ்கள் பலவற்றைக் கன்னியர் சபைகளோ மறைமாவட்டங்களோ நடத்துகின்றன. வாசலில் சிலுவை இருக்கிறது என்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஹாஸ்டல் ரூமில் பிறந்த சபை

இந்தச் சபைக்காரர்கள் ஏன் காலேஜுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள் என்று புரிய, இவர்கள் எங்கே ஆரம்பித்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆரம்பித்தது ஒரு ஹாஸ்டல் ரூமில்.

1529ஆம் ஆண்டு, பாரிஸ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் பார்ப் கல்லூரி. அங்கே ஒரே அறையில் மூன்று பேர் தங்கினார்கள். இரண்டு பேர் இளைஞர்கள்: பீட்டர் ஃபேபர், பிரான்சிஸ் சேவியர். மூன்றாமவர் இஞ்ஞாசியார் என்று நம் மக்கள் சொல்லும் லயோலாவின் இக்னேஷியஸ். அவர் முன்னாள் போர்வீரர். 1521இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் சிதைந்தவர். படுக்கையில் கிடந்தபோது மனம் மாறி, முப்பது வயதுக்கு மேல் சிறுவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து லத்தீன் படித்து, அப்புறம் பாரிசுக்கு வந்தவர். சேவியருக்கு முதலில் இவரைப் பிடிக்கவில்லை. சேவியர் நல்ல குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்காரர், காலேஜில் தத்துவம் கற்பிக்கும் வேலையும் கிடைத்திருந்தது. மனம் மாற அவருக்குச் சில வருடங்கள் ஆயின.

1534இல் ஏழு நண்பர்கள் பாரிசின் மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு எடுத்தார்கள். 1540 செப்டம்பர் 27 அன்று போப் மூன்றாம் பவுல் சபைக்கு ஒப்புதல் கொடுத்தார். 1548இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் வெளி மாணவர்களுக்காக முதல் காலேஜைத் திறந்தார்கள். 1599இல் எந்த வகுப்பில் எதை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு பாடத்திட்ட விதிநூலே வெளியிட்டுவிட்டார்கள். நண்பர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதும் படிப்பதும் கற்பிப்பதும் இவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தனித்தனிக் காரியங்கள் இல்லை.

அந்த ரூமில் இருந்த மூவரில் ஒருவர்தான் நம் கடற்கரைக்கு வந்தார். 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கிய சேவியர், அந்த ஆண்டு முடிவதற்குள் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரைக்கு, வந்துவிட்டார். மணப்பாட்டுக் கடலோரத்தில் அவர் தங்கிய குகையை இன்றும் போய்ப் பார்க்கலாம். அவருக்குப் பின் வந்த என்ரிக்கே என்ரிக்கஸ், நம்மவர்கள் ‘அண்டிரிக்கு அடிகளார்’ என்பவர், தமிழை உட்கார்ந்து கற்றார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். 1586இல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’ அச்சானது. மணப்பாடும் புன்னைக்காயலும் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. 1986 வரை இரண்டுமே நெல்லைதான். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் சேசு சபைக்காரரே. கோவில்பட்டி பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் அவர் பணி செய்திருக்கிறார்.

நடுவில் ஒரு பெரிய உடைப்பு. ஐரோப்பிய அரசர்களின் நெருக்குதலால் 1773இல் போப்பே சபையைக் கலைத்துவிட்டார். 1814இல் மீண்டும் அனுமதித்தார்கள். 1830களின் கடைசியில் பிரெஞ்சு சேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் வழியில்தான் 1923இல் பாளையங்கோட்டையில் சேவியர்ஸ் காலேஜ் எழுந்தது. அதே ஆண்டு தூத்துக்குடி மறைமாவட்டமும் பிறந்தது. அதன் முதல் ஆயர் திபுர்சியுஸ் ரோச் ஒரு சேசு சபைத் துறவி. லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்களுக்கு நவீன காலத்தில் கிடைத்த முதல் இந்திய ஆயர் அவர்தான்.

அந்த வீட்டுக்குள்

சரி, அண்ணாச்சி கேட்ட வீட்டுக்கு வருவோம்.

காலேஜ் வளாகத்தில் ஃபாதர்கள் தங்கும் கட்டடத்தை அவர்கள் ‘இல்லம்’ அல்லது ‘கம்யூனிட்டி’ என்பார்கள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மாதிரி என்று நினைத்தால் பாதி தப்பு. குவார்ட்டர்ஸில் ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. இங்கே ஆளுக்கு ஓர் அறை, ஆனால் ஒரே சமையல்கட்டு, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே சிற்றாலயம், ஒரே பணப்பெட்டி. கூட்டுக்குடும்பம் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். ரத்த உறவு இல்லாத, வேறு வேறு ஊரிலும் சாதியிலும் பிறந்த ஆண்களின் கூட்டுக்குடும்பம். சமையலும் சாமானும் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பு. அவருக்கு ‘மினிஸ்டர்’ என்று பெயர். சாம்பாரில் உப்புக் குறைந்தாலும், விருந்தாளிக்கு அறை வேண்டுமென்றாலும் மினிஸ்டரிடம்தான் போக வேண்டும்.

இதைக் கட்டி வைத்திருப்பது மூன்று வார்த்தைப்பாடுகள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். மூன்று சொல்லும் பெரிய சொற்கள். அன்றாடத்தில் அவை எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் விளங்கும்.

ஏழ்மையை எடுத்துக்கொள்வோம். அண்ணாச்சியின் சம்பளக் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அரசு உதவி பெறும் காலேஜில் அரசு ஏற்றுக்கொண்ட ஆசிரியர் பணியிடத்தில் ஒரு ஃபாதர் இருந்தால், மற்றப் பேராசிரியர்களுக்கு வரும் அதே சம்பளம் அவருக்கும் வரும். அவர் அதை வைத்துக்கொள்வதில்லை. அது இல்லத்தின் பொதுக் கணக்குக்குப் போகிறது. சாப்பாடு, துணி, மருந்து, புத்தகம், பஸ் செலவு எல்லாம் அந்தப் பொதுவிலிருந்து. மிஞ்சியது சபையின் மற்ற வேலைகளுக்கும், படித்துக்கொண்டிருக்கும் இளம் துறவிகளுக்கும், வயதானவர்களின் வைத்தியத்துக்கும் போகும். லட்ச ரூபாய்க்கு மேல் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற பேராசிரியரும், சம்பளமே இல்லாத வேலை பார்க்கிற துறவியும் ஒரே மேசையில் ஒரே குழம்பைத்தான் சாப்பிடுவார்கள். புதுச் செருப்பு வேண்டுமென்றாலும் பொறுப்பாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஐம்பது வயதுப் பிஎச்.டி. ஒருவர் கையை நீட்டிச் செலவுக்குப் பணம் கேட்பதை யோசித்துப் பாருங்கள். எனக்கு இது லேசான காரியமாகத் தெரியவில்லை.

இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி உண்டா என்று ஒரு பெரிய வழக்கே நடந்தது. வார்த்தைப்பாடு எடுத்த துறவி, திருச்சபைச் சட்டப்படி சொத்து விஷயத்தில் ‘இறந்தவர்’ மாதிரி. சம்பளம் அவருக்குச் சேருவதில்லை, சபைக்குத்தான் சேருகிறது. ஆகவே வரி பிடிக்கக் கூடாது என்பது துறவற சபைகளின் வாதம். பல ஆண்டு அப்படித்தான் பிடிக்காமலும் இருந்தார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறும் நிறுவனங்களில் கற்பிக்கும் சாமியார்கள், கன்னியர்களின் சம்பளத்திலும் வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டது. சம்பளம் ஆள் பெயருக்கு வருகிறது, வந்த பிறகு அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம் என்பதுதான் காரணம். அரசாங்கப் பணத்தின் விஷயத்தில் அது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம், கையில் ஒரு ரூபாய் தங்காத மனிதரின் பெயரில் வரிக் கணக்கு ஓடுவது இந்த வாழ்க்கையைப் பற்றி நமக்கு நிறையச் சொல்கிறது.

கற்பு என்பதைக் கல்யாணம் இல்லாமை என்று மட்டும் சுருக்கிப் புரிந்துகொள்கிறோம். அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாஸ்டல் பையனுக்குக் காய்ச்சல் என்றால் வார்டன் ஃபாதர் கிளம்பிவிடலாம். ‘வீட்டில் காத்திருப்பார்கள்’ என்று கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. அதே மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க அம்மாவோ மனைவியோ பக்கத்தில் இல்லை. மேசையில் கூட உட்காரும் சகோதரர்கள் கவனித்தால்தான் உண்டு. அதனால்தான் ‘கம்யூனிட்டி’ என்ற சொல்லுக்கு அவர்கள் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள்.

அந்த வீட்டின் நாள் சீக்கிரமே ஆரம்பிக்கும். விடியற்காலையில் தனித் தியானம், அப்புறம் பூசை, பிறகு காலேஜ். பெனடிக்டின் மாதிரியான பழைய மடங்களில் துறவிகள் நாளில் பலமுறை கூடி நின்று பைபிளின் சங்கீதப் பாடல்களைப் பாடுவார்கள். இஞ்ஞாசியார் அந்தக் கடமையைத் தன் ஆட்களுக்கு வைக்கவில்லை. வேலை கூப்பிடும்போது ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்குப் பதிலாக அவர் கண்டிப்பாகச் செய்யச் சொன்னது ஆன்ம சோதனை. நாளுக்கு இரண்டு தடவை, கால் மணி நேரம் போல உட்கார்ந்து, இன்று என்ன நடந்தது, எங்கே கடவுள் தொட்டார், எங்கே நான் தவறினேன் என்று மனதைத் திருப்பிப் பார்ப்பது. இதைச் செய்ய மதம்கூடத் தேவையில்லை. நான் இன்றும் தூங்கப் போகுமுன் இதைச் செய்கிறேன். அந்த வளாகம் எனக்குக் கொடுத்த டிகிரியைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

யார் பெரியவர்?

புதிதாகச் சேரும் பிள்ளைகள் குழம்பும் இடம் இது. காலேஜில் முதல்வர் இருக்கிறார், செயலர் இருக்கிறார், அதிபர் என்று ஒருவரும் இருக்கிறார். மூவருமே பெரும்பாலும் ஃபாதர்கள்தான்.

முதல்வர் என்றால் பிரின்சிபால். வகுப்பு, தேர்வு, பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் கையில். காலேஜ் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், 1966க்குப் பின் மதுரையோடும் சேர்ந்திருந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபின் அதோடு இணைந்தது. 1987இலேயே தன்னாட்சி கிடைத்துவிட்டதால் பாடத்திட்டமும் தேர்வும் காலேஜே நடத்துகிறது. செயலர் நிர்வாகத்தின் கை: பணம், கட்டடம், அரசாங்கத்துக்கு எழுதும் கடிதம். அதிபர், அதாவது ரெக்டர், இவர்கள் எல்லோரும் வாழும் இல்லத்துக்குத் தலைவர். குடும்பத்தில் மூத்த அண்ணன் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் முதல்வர் சொல்வது நடக்கும். முதல்வர் உடம்பைக் கவனிக்காமல் வேலை பார்த்தால் அவரைப் பிடித்து ஓய்வெடுக்க வைப்பது அதிபரின் வேலை. அதிபரை நியமிப்பவர் ரோமில் இருக்கும் சபைத் தலைவர்.

முக்கியமான ஒன்று: இவர்களில் யாரும் பதவிக்கு மனுப் போட முடியாது. இறுதி வார்த்தைப்பாட்டின்போது, ‘சபைக்குள்ளேயோ வெளியிலோ பதவியைத் தேட மாட்டேன்’ என்றும் தனியாக ஒரு வாக்குக் கொடுப்பார்கள். சபைக்குள் பதவி ஆசையே இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, மனிதர்கள்தானே. ஆனால் ஆசைப்படுவது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாழ்வது ஒரு கடிவாளம்தான்.

வளாகத்தில் ‘பிரதர்’ என்று அழைக்கப்படும் இளைஞர்களையும் பார்க்கலாம். இவர்களில் பலர் ஃபாதராகும் வழியில் இருப்பவர்கள். வழி நீளமானது. முதலில் இரண்டு ஆண்டு நவதுறவு, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி. அதில் முப்பது நாள் பேசாமல் தியானம் ஒன்று உண்டு. அதன்பின் முதல் வார்த்தைப்பாடு. பிறகு டிகிரி, தத்துவம். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் எத்தனையோ தலைமுறைகள் படித்திருக்கின்றன. நடுவில் இரண்டு வருடம் போல ஒரு பள்ளியிலோ காலேஜிலோ ஹாஸ்டலிலோ வேலை. நீங்கள் பார்க்கும் பிரதர் அநேகமாக இந்தக் கட்டத்தில் இருப்பார். அதற்குப் பிறகு இறையியல் படிப்பு, குருப்பட்டம். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாது. குருவாகாமல் வாழ்நாள் முழுக்கச் சகோதரராகவே சபையில் இருப்பவர்களும் உண்டு. அச்சகம், தோட்டம், கணக்கு, கட்டடம் என்று அவர்கள் தாங்கிய வேலைகள் வெளியே அதிகம் தெரிவதில்லை.

ஒரு பெட்டியோடு கிளம்புவது

மூன்றாவது வார்த்தைப்பாடான கீழ்ப்படிதலைத் தள்ளி வைத்திருந்தேன். எனக்கு மிகவும் புரியாமல் இருந்து, புரிந்தபின் மிகவும் மரியாதை வந்த விஷயம் அது.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்களுக்குப் பிடித்த ஃபாதர் ஒருவர் கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் இல்லை. ‘டிரான்ஸ்ஃபர்’ என்றார்கள். பையன்களுக்குக் கோபம். ஏதோ சண்டை, அதனால்தான் தூக்கிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டோம். அவர் ஒரு பெட்டியும் ஒரு அட்டைப் பெட்டிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு, வேறு மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஸ்கூலுக்குப் போயிருந்தார். சண்டை எதுவும் இல்லை. அங்கே ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சேசு சபைக்காரருக்கு ‘என் காலேஜ்’ என்று ஒன்று கிடையாது. மறைமாநிலத் தலைவர் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு இல்லத்துக்கும் வந்து, ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசுவார். அதில் துறவி தன் மனதைத் திறந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: எது சந்தோஷம், எது முடியவில்லை, எந்த வேலைக்கு மனம் இழுக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது. அந்தப் பேச்சை வைத்துத்தான் அனுப்புவது முடிவாகும். ஆகவே இது பட்டாளத்து உத்தரவு மாதிரி இல்லை. தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு, யோசிக்கச் சொல்லித் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் கடைசிச் சொல் வந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். எதற்கும் ஆயத்தமாக, எதிலும் ஒட்டாமல் இருக்கிற அந்த மனநிலையைப் பற்றின்மை என்கிறார்கள். நம் பக்கத்தில் தாமரை இலைத் தண்ணீர் என்போமே, கிட்டத்தட்ட அதேதான். ஒரு வித்தியாசம்: இவர்கள் ஒட்டாமல் இருப்பது வேலையை முழு மூச்சாகச் செய்வதற்காக.

இதில் முதல் ஆளே நம் சேவியர்தான். 1540இல் இந்தியாவுக்குப் போக இருந்தவர் வேறொருவர், பொபதியா என்ற தோழர். அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. இஞ்ஞாசியார் சேவியரைக் கூப்பிட்டுக் கேட்டார். சேவியர் சரியென்று சொல்லி, கிழிந்த துணியைத் தைத்துக்கொண்டு, மறுநாளே ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார். லிஸ்பனிலிருந்து கோவா வந்து சேரப் பதின்மூன்று மாதம். அந்த இரண்டு நண்பர்களும் அதன்பின் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையை ஒட்டிய ஒரு தீவில் சேவியர் இறந்தார். மாற்று ஆளாக அனுப்பப்பட்டவரின் பெயரில்தான் பாளையில் காலேஜ் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் எங்கள் ஃபாதர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருக்கிறது. ஒரு முதல்வர் நல்ல திட்டம் ஒன்றை ஆரம்பித்து, அது வேர் பிடிக்குமுன் மாற்றலாகிவிட்டால், அடுத்து வருபவர் வேறு யோசனையோடு வருவார். வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்கும் பேராசிரியர்களும் அலுவலகத்துக்காரர்களும்தான் நூலை அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்கிறார்கள். இன்று எந்தச் சேசு சபைக் காலேஜிலும் ஃபாதர்கள் சிறுபான்மை. வகுப்பெடுப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள், பல மதத்தவர்.

பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களா?

அண்ணாச்சி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை, கண்ணில் இருந்தது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். கிறிஸ்தவ மாணவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பு, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. என்னைப் பூசைக்கு வரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. டிசம்பர் 3 சேவியர் திருநாளில் எல்லோரையும் போல நானும் சந்தோஷமாக இருந்தேன்.

அவர்கள் வேறு விதத்தில் நம்மை மாற்றப் பார்ப்பார்கள், அதை மறைப்பதும் இல்லை. 1974-75இல் ரோமில் கூடிய சேசு சபைப் பொதுப்பேரவை, விசுவாசத்துக்கு ஊழியம் செய்வதென்றால் நீதிக்காகப் பாடுபடுவதும் அதில் அடங்கும் என்று தீர்மானித்தது. அப்போது சபைத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே, நம் பள்ளிகளில் படித்தவர்கள் ‘பிறருக்காக வாழும் மனிதர்களாக’ வர வேண்டும் என்று 1973இலேயே பழைய மாணவர்களிடம் நேருக்கு நேராகச் சொல்லியிருந்தார். அதன் சாயல் பாளையிலும் விழுந்தது. மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். நாட்டார் வழக்காற்றியலுக்குத் துறையும் ஆய்வு மையமும் தொடங்கி, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சுடலைமாடன் கதை எல்லாவற்றையும் படிக்கத் தகுந்த பாடமாக உட்கார வைத்தார்கள். எங்கள் குலதெய்வக் கொடை விழாவைப் பற்றி ஒரு கத்தோலிக்கச் சாமியார் நோட்டுப் போட்டுக் கேட்டு எழுதிக்கொண்டதைப் பார்த்து எங்கள் தாத்தா அசந்துபோனார்.

சபையின் பழைய கணக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் சேசு சபைச் சாமியார்களின் காலத்தில்தான் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தவரும் ஒரு சேசு சபைச் சாமியார்தான், கௌசானல். அதற்காகக் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது.

போய்ப் பார்க்கும்போது

கூப்பிட ‘ஃபாதர்’ போதும். கத்தோலிக்கப் பெரியவர்கள் ‘சாமி, தோத்திரம்’ என்பார்கள். நீங்கள் ‘வணக்கம் ஃபாதர்’ என்றால் அதே அன்போடு பதில் வரும். எப்போதும் அங்கி போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சேசு சபைக்கென்று தனிச் சீருடையே கிடையாது. பேண்ட் சட்டையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பவர் அதிபராக இருக்கலாம். காலேஜ் வேலை என்றால் அலுவலகத்துக்குப் போங்கள், இல்லத்துக்குள் நேராக நுழைய வேண்டாம். அது அவர்கள் வீடு, வாசலில் நின்று சொல்லி அனுப்புவதுதான் முறை.

இல்லத்தின் வராந்தாவில் வயதான ஃபாதர் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். சபை வருடா வருடம் ஒரு பட்டியல் புத்தகம் போடும். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அந்த ஆண்டு அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை இருக்கும்: முதல்வர், இயற்பியல் ஆசிரியர், விடுதிப் பொறுப்பாளர் என்று. நடக்க முடியாமல், வகுப்பெடுக்க முடியாமல் போனவர்களின் பெயருக்கு நேராகவும் அந்த இடத்தைக் காலியாக விடுவதில்லை. ‘திருச்சபைக்காகவும் சபைக்காகவும் செபிக்கிறார்’ என்று போட்டிருப்பார்கள். அதுவும் ஒரு போஸ்டிங்.